ஒரு நாள் லேபரட்டரி

ஜூன் பிறந்து முதல் மழை விழுந்துவிட்டால் எதிரே இருக்கிற காலேஜ் கட்டடத்தில் ஏணியைச் சாய்த்துவிடுவார்கள். பெயின்டர் மேலே ஏறி, போர்டில் புதுசாக ஒரு படிப்பை எழுதிவிட்டு இறங்குவான். அந்தப் போர்டு சின்னதாக இருந்த காலத்திலிருந்தே சரசா பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதலில் கம்ப்யூட்டர் மட்டும்தான் இருந்தது. அப்புறம் பிசினஸ் மேனேஜ்மென்ட் வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஃபேஷன் டிசைன் வந்தது. தலைப்பில் ‘வித்யாபீட்’ என்று பெரிசாக மாற்றி எழுதிய வருஷம் விமானப் பணி, தீயணைப்பு, பெட்ரோலியம், ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று மளமளவென்று கீழே இறங்கி, போர்டு போதாமல் சுவரிலேயே எழுத ஆரம்பித்தார்கள். கட்டடம் மட்டும் அதே நாலு மாடிதான். காலையில் விமானம் பறந்த அறையில் மத்தியானம் தையல் மிஷின் ஓடும். தீயணைப்புப் படிக்கிற பையன்களுக்கு மாடிப்படியில் தொங்குகிற சிவப்பு வாளிதான் பாடம். இதெல்லாம் சரசாவுக்கு எப்படித் தெரியுமென்றால், அத்தனை படிப்பும் மத்தியானம் அவள் மெஸ்ஸுக்குத்தான் சாப்பிட வரும்.

பூனாவில், ஏரவாடாவில் சந்தை தாண்டி உள்ளே திரும்புகிற ரோட்டில் அந்த மெஸ். முன்னால் நீளமான ஹால், பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் அவர்கள் படுத்து எழும் ஒற்றை அறை. சரசாவின் புருஷன் பாஸ்கர் கோர்படியில் ராணுவ கேன்டீனில் சமையல் மாஸ்டராக இருந்துவிட்டு, அங்கே மேலதிகாரியின் வாயைத் தாங்க முடியாமல் வெளியே வந்து இதை ஆரம்பித்தவன். இரண்டு பேருக்கும் ஊர் சங்கரன்கோவில் பக்கம். சப்பாத்தியும் உருளைக்கிழங்கு பாஜியும் கேட்கிற மராட்டிப் பிள்ளைகள், சாம்பார் கேட்கிற தெற்கத்திப் பிள்ளைகள், எதைப் போட்டாலும் கெட்சப் கேட்கிற பீகார் பிள்ளைகள், எல்லாரும் அவளைச் சித்தி முறை வைத்து ‘மாவ்ஷி’ என்றுதான் கூப்பிடுவார்கள். விடியும் முன்னே கோதுமை மாவு பிசைய உட்கார்ந்தால் மூன்று மணிக்குக் கடைசித் தட்டைக் கழுவுகிற வரைக்கும் இடுப்பை நிமிர்த்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அடுப்பு அணையும். பூனாவில் எந்த மெஸ்ஸிலும் அந்த ஒரு வேளை சோறு கிடையாது.

அவர்களுக்கு ஒரே மகள், அம்மு. பன்னிரண்டாவது அறிவியலில் நல்ல மார்க். அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு கிறுக்கு. டிசம்பர் குளிரில் பூனாவில் இட்லி மாவு கல் மாதிரி கிடக்கும், கம்பளி போர்த்தி அடுப்படியில் வைத்தாலும் மசிய மாட்டேன் என்னும். மே மாதம் அதே மாவு பாத்திரத்தை விட்டு எழுந்து தரையில் ஓடும். அம்மு பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள். உள்ளே என்ன இருக்கிறது, அதற்கு ஏன் குளிர்கிறது என்று கேட்பாள். வேலை கெடுகிறதே என்று சரசா கரண்டியால் தட்டி விரட்டுவாள். அந்தக் கிறுக்குதான் முற்றி, கேம்ப் பகுதியில் ஒரு நல்ல காலேஜில் மைக்ரோபயாலஜிக்கு மனுப் போட்டு, இடமும் கிடைத்து வந்து நின்றது.

அங்கேதான் பாலசுப்ரமணியன் நுழைந்தார். எதிர்க் கட்டடத்தில் ரிஜிஸ்ட்ரார். மெட்ராஸ்காரர், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேசினால் தேன் ஒழுகும். தினமும் வந்து ரசம் குடித்துவிட்டு ‘நம்ம ஊர் கை’ என்று புகழ்ந்து, பாஸ்கரை உச்சி குளிர வைத்துவிட்டுப் போவார். அந்த வருஷம்தான் போர்டில் ‘ஹோட்டல் மேனேஜ்மென்ட், மூன்று வருஷ டிகிரி’ ஏறியிருந்தது. அவர் சொன்னார்: உங்கள் பெண்ணுக்குச் சமையல் சாமான்களில்தானே ஆசை, மாவு பொங்குவதைத்தானே படிக்க வேண்டும், அதெல்லாம் இதிலேயே வருகிறது. கேம்ப் வரைக்கும் பஸ்ஸில் இடிபட்டுப் போவானேன், ரோட்டைத் தாண்டினால் காலேஜ். ஹாஸ்டல் பிள்ளைகள் மத்தியானச் சோற்றை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஃபீஸை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மெஸ்காரர்களுக்கு இது புது விஷயம் இல்லை. காய்கறிக்காரன் வந்து சாப்பிட்டுவிட்டுக் கொத்தமல்லிக் கட்டைப் போட்டுவிட்டுப் போவான். கேஸ் சிலிண்டர் பையனுக்கு இரண்டு வேளை சோறு போட்டால் அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் வரும். சோற்றைக் கொடுத்துச் சாமானை வாங்கியே பிழைத்தவர்கள், அதே கணக்கில் படிப்பையும் வாங்கிவிடலாம் என்று நம்பிவிட்டார்கள். அடுப்பும் மாவும் இருந்தால் எல்லாம் ஒரே படிப்புத்தான் என்று சரசாவும் நினைத்தாள். அம்மு இரண்டு நாள் அழுதாள். பாஸ்கர் சத்தம் போட்டான். சரசா மகளைச் சமாதானம் செய்து, தலையைப் பின்னிவிட்டு, ரோட்டைத் தாண்ட வைத்தாள்.

ஒரு வருஷம் போனது. அந்த வருஷத்தில் அம்மு ஒரு அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. ஃபேஷன் படிப்புக்கு வருகிற அதே வாத்தியாரம்மா வந்து முள்கரண்டி வகைகளைப் படம் வரையச் சொன்னாள். மைதா மாவுக்கு மராட்டியில் என்ன, இங்கிலீஷில் என்ன என்று எழுதிப் போட்டாள். பரீட்சை வைக்கவில்லை. கேட்டால், அங்கீகாரம் வரட்டும் என்றார்கள். வகுப்பில் நாற்பது பிள்ளைகள், லாத்தூரிலிருந்தும் நாந்தேடிலிருந்தும் நிலத்தை விற்று ஃபீஸ் கட்டியவர்களின் பிள்ளைகள். அம்மு வீட்டுக்கு வந்தால் பேசுவதில்லை. சாப்பிட்டாளா என்று கேட்டால் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். மகள் சண்டை போட்டிருந்தால் சரசா தாங்கியிருப்பாள். அந்த மௌனம்தான் அவளைத் தின்றது.

ஜூலையில் ஒரு சாயங்காலம், மழை தூறிக்கொண்டே இருந்தது, பாலசுப்ரமணியன் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். அங்கீகாரம் கொடுக்க டெல்லியிலிருந்து கமிட்டி வருகிறதாம். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிப்புக்கு ஒரு லேபரட்டரி காட்ட வேண்டுமாம். கட்டுகிற வேலை ஆரம்பித்திருக்கிறது, மழையால் தள்ளிப்போகிறது, அதனால் ஒரே ஒரு நாளைக்கு உங்கள் அடுக்களையைக் கொடுங்கள் என்றார். சரசாவுக்கு முதலில் விளங்கவில்லை. மெஸ் போர்டைக் கழற்றிவிட்டு வேறு போர்டு மாட்டப் போகிறார்கள், அவள் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்க வேண்டும், கேட்டால் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கியபோதுதான் புரிந்தது.

"படிப்பே வந்து ஒரு வருசந்தானேய்யா ஆகுது, மூணு வருசம் நான் யாருக்குச் சொல்லிக் குடுத்தேன்?" என்றாள்.

"அதெல்லாம் ஃபார்மாலிட்டிம்மா. உங்க பொண்ணுக்காகத்தான் கேக்கறேன். அங்கீகாரம் வரலைன்னா யாருக்கு நஷ்டம்? எனக்கா?"

பாஸ்கர் உடனே தலையாட்டிவிட்டான். அவர் போன பிறகு அவன் சொன்னதும் ஒருவகையில் நிஜம்தான். எதிர்க் கட்டடம் முறைத்துக்கொண்டு, வெளியே சாப்பிடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டினால் போதும், மெஸ்ஸை இழுத்து மூடிவிட்டுச் சட்டியோடு நடுத்தெருவில் நிற்க வேண்டும்.

மறுநாள் மத்தியானமே ஆள் வந்து மெஸ் போர்டைக் கழற்றினார்கள். ‘ஃபுட் புரொடக்‌ஷன் லேபரட்டரி’ என்று பளபளவென்று ஒன்று ஏறியது. சாப்பாட்டு ஹால் வாசலில் ‘டிரெய்னிங் ரெஸ்டாரன்ட்.’ கொத்தமல்லி கட்டி வைக்கிற மூலையில் ‘ஸ்டோர்ஸ்.’ அவர்கள் படுக்கிற அறைக் கதவில்கூட ‘டெமான்ஸ்ட்ரேஷன் ரூம்’ என்று ஒட்டிவிட்டு, உள்ளே கிடந்த பாயைச் சுருட்டி மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். பாத்திரம் தேய்க்கிற ஆரோக்கியமேரிக்கு ‘லேப் அசிஸ்டென்ட்’ என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யக்கா, இனிமே சம்பளம் அவிய குடுப்பாவளா?" என்று கேட்டாள். சரசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த அடுக்களையில் கை சுட்டு, கால் வழுக்கி, காய்ச்சலோடு நின்று சமைத்திருக்கிறாள். அது அவள் வீடு. ஒரு ஆள் ஏணியோடு வந்து அதற்குப் பெயர் வைத்துவிட்டுப் போகிறான், அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

சாயங்காலம் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கமிட்டிக்கு வாழையிலை போட்டுத் தெற்கத்தி விருந்து வேண்டும் என்று உத்தரவு. அம்மு வந்து எதிரே நின்றாள். ரொம்ப நாளைக்கப்புறம் தானாக வந்து நிற்கிறாளே என்று சரசாவுக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் குளிர்ந்தது.

"மா, நாளைக்கு அவங்க கேட்டா நீ என்ன சொல்லுவ?" அம்முவின் தமிழ் எப்போதும் கொஞ்சம் நின்று நின்றுதான் வரும்.

"சொல்லச் சொன்னதச் சொல்லுவேன். வேற என்னத்தச் சொல்ல?"

"ஜூட்டு சொல்லுவ. பொய்."

"உனக்காகத்தாம்ட்டி சொல்லுதேன். இல்லன்னா ஒரு வருசம் போச்சுல்லா. உன் கூட இருக்க பிள்ளையளுக்கும் போச்சு. நாப்பது பேரு வாயில மண்ணப் போடச் சொல்லுதியா?"

அம்மு தரையில் உட்கார்ந்தாள். "மத்லப், அதாவது, நீ யோசி மா. நாளைக்கு அவங்க ஓகே சொல்லலைன்னா எங்க நாப்பது பேருக்கு ஒரு வருஷம் போகும். ஓகே சொல்லிட்டா அடுத்த வருஷம் நாப்பது பேரு, அதுக்கு அடுத்த வருஷம் நாப்பது பேரு. ஃபிர் பி, அப்பவும் லேப் கிடையாது. அவங்க வீட்டுலயும் உன்ன மாதிரி அம்மா இருப்பாங்கள்ல?"

"பெரிய பேச்சு பேசாத. ஒண்ணு படிச்சு முடிக்க வழியப் பாரு."

"படிக்கறதா? என்ன படிக்கறேன் மா நான்? ஃபோர்க்கு வரையறேன். எனக்கு ஸீட் கிடைச்சுது. நல்ல காலேஜ். நீங்க ரெண்டு பேரும் சாப்பாடு குடுத்து என்னை மாத்திட்டீங்க."

சரசா துருவலை விட்டுவிட்டுக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்கவில்லை. அம்மு நகரவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. அடித்தால் அடி என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, துருவிய தேங்காயை எடுத்துக் கிரைண்டரில் போட்டு, தண்ணீர் விட்டு, சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

கமிட்டியில் மூன்று பேர் வந்தார்கள். காலையில் வந்தவர்கள் நேராகக் காலேஜ் டைரக்டர் அறைக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டு மணி சுமாருக்குத்தான் குடைகள் வரிசையாக ரோட்டைத் தாண்டி வந்தன. ஹாலில் சுவரோரம் பிள்ளைகள் தலையில் வெள்ளைக் காகிதத் தொப்பியோடு நின்றார்கள். அம்முவும் நின்றாள். சரசாவின் வெள்ளைக் கோட்டு ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்து வாங்கி வந்தது, டெட்டால் நாறியது. மூன்று பேரில் ஒருவர் அடுப்பைப் பார்த்தார். இன்னொருவர் கூரையைப் பார்த்தார். பெண்மணி ஒருத்தர் நல்ல வாசனை என்றார். அவர்தான் இந்தியில் கேட்டார், எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று.

சரசா அம்மு நின்ற பக்கம் பார்க்காமல், "தீன் சால்", மூன்று வருஷம், என்றாள்.

அவ்வளவுதான் கேள்வி. சொன்ன வாயில் சாணி வைத்தமாதிரி இருந்தது. இதற்காக ராத்திரியெல்லாம் பயந்தாளே என்று அவமானமாகவும் இருந்தது. போர்டைக்கூட அவர்கள் நிமிர்ந்து படிக்கவில்லை.

ஐந்து இலை விழுந்தது. கமிட்டி மூன்று பேர், டைரக்டர், பாலசுப்ரமணியன். சரசாவே பரிமாறினாள், பிள்ளைகள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். கூரையைப் பார்த்தவர் சோற்றில் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து, தமிழில் பேசினார். அவர் பெயர் வெங்கடேஸ்வரன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"திருநெல்வேலிப் பக்கமா நீங்க? இந்தச் சொதி வேற யாருக்கும் வராது."

"ஆமாய்யா. சங்கரன்கோயில்."

"எத்தனை வருஷமா மெஸ் நடத்தறீங்க?"

சரசாவுக்குக் கை நின்றுவிட்டது. அவர் குரலைத் தாழ்த்தி, சும்மா பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிதான் கேட்டார். பாலசுப்ரமணியன் தள்ளி உட்கார்ந்து டைரக்டரோடு சிரித்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்ததும், அவளுக்குப் பயம் போய், சந்தோஷம் வந்தது. படித்தவர், பெரிய இடத்திலிருந்து வந்திருக்கிறார், கண்டுபிடித்துவிட்டார். ஒரு வருஷமாக நெஞ்சில் கட்டி வைத்திருந்ததை இறக்கி வைக்க ஆள் கிடைத்ததென்று, அவர் இலைக்குப் பக்கத்தில் குனிந்து கொட்டிவிட்டாள்.

"ஐயா, நான் வாத்தியாரு இல்ல. இது எங்க அடுக்களை. எம் மவ இங்கதான் படிக்கா, அந்தா ஓரத்துல நிக்கா பாருங்க. ஒரு வருசமா ஒண்ணும் சொல்லிக் குடுக்கலய்யா. பரீச்சையும் வைக்கல. நீங்க உள்ளதை எழுதுங்க. பிள்ளையளுக்கு நெசமா ஒரு அடுக்களை கட்டி, நெசமா ஒரு வாத்தியார வைக்கணும்னு எழுதுங்கய்யா. எம் பொழப்பு போனாலும் போவட்டும்."

அவர் இஞ்சித் துவையலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா," என்றார். "காலைல வந்ததுமே கையெழுத்துப் போட்டாச்சு. எல்லா ஊர்லயும் இதே கதைதான். போன வாரம் ஒரு இடத்துல கல்யாண மண்டபத்துக் கோட்டை அடுப்பைக் காட்டினாங்க. இது எவ்வளவோ தேவலை. நம்ம ஜனங்க பிள்ளை படிக்கற இடத்துக்கு நான் கெடுதல் பண்ணுவேனா?"

அடுப்பைப் பார்க்கும் முன்னாலேயே கையெழுத்து. அப்படியானால் இந்தப் போர்டு, இந்தக் கோட்டு, பாயைச் சுருட்டியது, மகள் முன்னால் பொய் சொன்னது எல்லாம் எதற்கு? சோறு சாப்பிட ஒரு இடம் வேண்டும் என்பதற்கா? சரசாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதைவிட, அவர் தனக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்டதாக நினைத்து முகம் மலர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

"உங்களுக்குப் பிள்ளைய இருக்காய்யா?" என்று கேட்டாள்.

"ஒரே பொண்ணு. காலேஜ் சேர்ற வயசு."

"அப்ப இங்கனயே சேத்துரலாமே. போர்டுல எல்லாப் படிப்பும் இருக்கு."

"இங்கயா?" என்றார் வெங்கடேஸ்வரன். கேட்டுவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தை ஏதோ சொன்னால் சிரிப்போமே, அப்படி. சிரித்துக்கொண்டே சோற்றைக் குழித்து, மோர் விடச் சொல்லி விரலால் காட்டினார்.

சரசா மோர் வாளியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் குடித்துவிட்டு வந்து உளறினவனைக்கூட அவள் பாதிச் சோற்றில் எழுப்பியதில்லை. காசு தராமல் ஓடியவன் மறுநாள் வந்து உட்கார்ந்தாலும் சாப்பிட்டு முடிக்கட்டும் என்றுதான் நிற்பாள். அவர் கை குழியில் இருக்கும்போதே இலையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, சோறும் துவையலுமாக மடித்து எடுத்தாள். அவர் விரல்கள் சோற்றுப் பருக்கையோடு மேஜை மேல் அப்படியே நின்றன.

"எந்திரிங்க," என்றாள்.

பாலசுப்ரமணியன் பாதி எழுந்து, "சரசாம்மா, என்ன பண்றீங்க, பெரியவங்க சாப்பிடறாங்க," என்றார். அடுக்களையிலிருந்து பாஸ்கர் கையில் அப்பளத்தோடு ஓடி வந்து வாசலில் நின்றுவிட்டான். சரசா அவனைப் பார்க்கவில்லை. மற்ற இரண்டு கமிட்டிக்காரர்களுக்கும் புரியட்டும் என்று, சுவரோரம் நின்ற பிள்ளைகளுக்கும் கேட்கட்டும் என்று, கடைத்தெரு இந்தியில் உரக்கச் சொன்னாள்: "யே மெஸ் ஹை. லேப் நஹீ. மை பாவர்ச்சி ஹூம். உடோ." இது மெஸ், லேப் இல்லை, நான் சமையல்காரி, எழுந்திருங்கள்.

பெண்மணி இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். டைரக்டர் மட்டும் அசையவில்லை. இவள் யார், நாளைக்கு இவள் எங்கே இருப்பாள் என்று கணக்குப் போடுகிற பார்வையோடு, வாழைப்பழத்தைப் பாயசத்தில் பிசைந்துகொண்டிருந்தார். போட்ட கையெழுத்தை இந்த வெங்கடேஸ்வரன் கோபத்தில் அடித்துவிட்டால் மகளோடு நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரு வருஷம் போகும். அடிக்காவிட்டால் எதிர்ச் சுவரில் அடுத்த ஜூனிலும் அதே படிப்பு இருக்கும். மெஸ் எப்படியும் போகும். இந்த மூன்றும் சரசாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. மடித்த இலையை ஆரோக்கியமேரி கையில் கொடுத்துவிட்டு டைரக்டர் பக்கம் நடந்தாள்.

அவள் குனிவதற்குள் சுவரோரத்திலிருந்து தொப்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு அம்மு வந்து, டைரக்டர் கைக்கு அடியிலிருந்து அந்த இலையை இழுத்து எடுத்தாள்.